ஒருபாட்டுக்காரர்கள்: சரக்கு இல்லையா, சீட்டு விழுந்ததா?

கேள்வி, 2023 ஜூன் 4

"ஒரே ஒரு பாட்டால் உலகம் முழுவதும் தெரிந்து, அதன்பின் காணாமல் போன பாப் பாடகர்களைப் பற்றி எல்லோரும் உருகுகிறார்கள். எனக்கு உருக்கம் வரவில்லை. லாட்டரிச் சீட்டு விழுந்தவனைத் தொழிலதிபர் என்று சொல்வோமா? ஒரு பாட்டு குருட்டாம்போக்கில் விழுந்தது. இரண்டாவது வரவில்லை, ஏனென்றால் சரக்கு இல்லை. அவ்வளவுதானே? மறுப்பவர்கள் உதாரணத்தோடு வரவும்."

ஜூன் 4, இரவு

அவ்வளவுதான் இல்லை.

உதாரணம் கேட்டீர்கள்: ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். அமெரிக்காவில் இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் பெரும்பாலும் பில்போர்டு பத்திரிகையின் ஹாட் 100 பட்டியலை எடுத்து, அதன் முதல் 40 இடங்களுக்குள் ஒரே முறை நுழைந்தவர் யார் என்று பார்ப்பார்கள். அந்தக் கோலால் அளந்தால் ஹெண்ட்ரிக்ஸ் ஒருபாட்டுக்காரர். 1968இல் ‘ஆல் அலாங் த வாட்ச்டவர்’, 20ஆம் இடம். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்தப் பாட்டையும் எழுதியவர் பாப் டிலன்.

கிதார் வாசிப்பவர்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் தந்தியில் கை வைக்கிறார்கள். உங்கள் கணக்கில் அவருக்குச் சரக்கு இல்லை. தூக்கம் வருகிறது, நாளை வருகிறேன்.

ஜூன் 5

நேற்று எரிச்சலில் எழுதினேன். இன்று நிதானமாக.

1988 முதல் 1995 வரை திருச்சியில் ஒரு கேசட் பதிவுக் கடையில் வேலை பார்த்தேன். இளைய வாசகர்களுக்காக: வாடிக்கையாளர் ஒரு தாளில் பாட்டுகளை எழுதித் தருவார், நாங்கள் 60 நிமிட அல்லது 90 நிமிட வெற்றுக் கேசட்டில் அவற்றை வரிசையாகப் பதிந்து, அட்டையில் பெயர் எழுதிக் கொடுப்போம். பாட்டுக்கு ஒரு ரூபாய். ஆங்கிலப் பாட்டுகள் என் பொறுப்பு. என் ஆங்கிலப் புலமையால் வந்த பொறுப்பு இல்லை. கடையில் இருந்த மற்ற இருவருக்கும் அந்தச் சத்தம் பிடிக்காது.

அந்த ஏழு ஆண்டுகளில் முழு ஆல்பம் கேட்டு வந்தவர்கள் மைக்கேல் ஜாக்சன், அபா, போனி எம் ஆகியோருக்காக மட்டுமே வந்தார்கள். மற்ற அத்தனை பேரும் எங்கள் கடையைப் பொறுத்தவரை ஒருபாட்டுக்காரர்கள். ஸ்வீடனின் ஆ-ஹா ஒரு பாட்டு. ஜெர்மனியின் நேனா ஒரு பாட்டு. ‘யூரோப்’ என்றால் அந்தக் கீபோர்டு முழக்கம் மட்டும். நாங்கள் அவர்களிடமிருந்து ஒரு பாட்டை வெட்டி எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கடலில் போட்டோம். அதனால் "காணாமல் போனார்" என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி, யார் கண்ணிலிருந்து என்பதே.

இதோடு சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1991 வாக்கில் பொன்மலை ரயில்வே பணிமனை ஊழியர் ஒருவர் வந்தார், ஓய்வுபெறும் வயது. இளமையில் இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் கேட்ட பாட்டு ஒன்று வேண்டும் என்றார். பெயர் தெரியாது, ஆனால் "ஏதோ சாப்பாட்டுப் பெயர்" என்று மட்டும் நினைவிருந்தது. பாடிக் காட்டினார். எந்த மொழியும் இல்லாத மொழியில் நான்கு வரி, பிறகு சீட்டி. நன்றாகவே சீட்டி அடித்தார், கடைக்கு எதிரே நின்ற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். பத்து ரூபாய் முன்பணம் கொடுத்துப் போனார். எனக்குக் கிடைக்கவில்லை. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

ஜூன் 6

ஆ-ஹா நார்வே. ஸ்வீடன் இல்லை. ஏழு பேர் தனித்தனியாகத் திருத்திவிட்டீர்கள், போதும். ஸ்வீடன் என்பது அபாவும் யூரோப்பும்.

திருத்தம் அதோடு முடியவில்லை. ஆ-ஹாவின் ‘டேக் ஆன் மீ’ 1985இல் அமெரிக்காவில் முதலிடம். பென்சில் ஓவியம் உயிர்பெற்று எழும் அந்த வீடியோவை யாரும் மறக்க முடியாது. அந்தப் பாட்டு அதற்கு முந்தைய ஆண்டு வேறொரு வடிவில் வெளியாகிப் படுத்துவிட்டது என்பதும் உண்மை. ஆனால் அடுத்து வந்த ‘த சன் ஆல்வேஸ் ஷைன்ஸ் ஆன் டிவி’ அங்கே 20ஆம் இடம்வரை வந்தது, பிரிட்டனில் முதலிடம். ஆகவே 40 இடக் கணக்கின்படி இவர்கள் ஒருபாட்டுக்காரர்களே இல்லை. அமெரிக்கர்கள் மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். 1987இல் ஜேம்ஸ் பாண்ட் படத்துக்குத் தலைப்புப் பாட்டுப் பாடினார்கள். 1991இல் ரியோ டி ஜனீரோவின் மரக்கானா அரங்கில் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கு மேல் கூட்டம். காணாமல் போன ஆட்களுக்குக் கூடிய கூட்டம் அது.

நேனா கதையும் இதே ஜாதி. ‘99 லுஃப்ட்பலோன்ஸ்’ ஜெர்மன் மொழியிலேயே அமெரிக்காவில் 2ஆம் இடம்வரை போனது. பிரிட்டனில் ஆங்கில வடிவம் முதலிடம். பிறகு இரு நாடுகளும் அவரை மறந்தன. ஜெர்மனியில் போய் நேனா ஒருபாட்டுக்காரி என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ரைட் செட் ஃபிரெட். ‘ஐம் டூ செக்ஸி’ 1992இல் அமெரிக்காவில் முதலிடம், பிறகு அங்கே ஒன்றுமில்லை. சொந்த ஊரான பிரிட்டனில் அந்தப் பாட்டு ஆறு வாரம் 2ஆம் இடத்திலேயே முட்டிக்கொண்டு நின்றது, மேலே ஏறவில்லை. அங்கே முதலிடம் போனது ‘டீப்லி டிப்பி’ என்ற இன்னொன்று. நம்மில் எத்தனை பேர் அதைக் கேட்டிருக்கிறோம்?

ஜூன் 6, சற்று நேரம் கழித்து

டெக்ஸிஸ் மிட்நைட் ரன்னர்ஸ் விட்டுப்போனது. ‘கம் ஆன் ஐலீன்’ 1983 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரே ஒரு வாரம் முதலிடம். அதற்கு முந்தைய வாரம் அந்த நாற்காலியில் இருந்தது மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’. அடுத்த வாரம் வந்து உட்கார்ந்தது மைக்கேல் ஜாக்சனின் ‘பீட் இட்’. இரண்டு யானைகளுக்கு நடுவே ஒரு வாரம் நின்ற ஆட்டுக்குட்டியைப் பார்த்து ஏன் யானை ஆகவில்லை என்று கேட்கிறோம்.

ஜூன் 9

இனி என் மனத்துக்கு நெருக்கமான ஒன்று. வேலை இருப்பவர்கள் தாண்டிப் போகலாம்.

1963 ஜூன். அமெரிக்காவின் ஹாட் 100 பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது ஒரு ஜப்பானியப் பாட்டு. முழுக்க ஜப்பானிய மொழி. பாடியவர் க்யூ சகமோட்டோ, வயது 21. ஜப்பானில் அது 1961லேயே வந்துவிட்டது. அங்கே அதன் பெயர் ‘உஏ ஓ முயிதே அருகோ’, தலையை நிமிர்த்தி மேலே பார்த்தபடி நடப்போம் என்று பொருள். எதற்கு மேலே பார்க்க வேண்டும்? கண்ணீர் கீழே சிந்தாமல் இருக்க. எழுதியவர் ரொகுசுகே எய், இசை ஹச்சிதாய் நகமுரா. அமெரிக்காவோடு ஜப்பான் செய்துகொண்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து 1960இல் டோக்கியோவில் பெரும் போராட்டங்கள் நடந்து தோற்றன. அந்தப் போராட்டத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் மனம் நொந்து எழுதியது இது. பாட்டில் அரசியல் வாடையே இல்லை, காதல் தோல்வி என்று எடுத்துக்கொள்ளலாம். எந்த நாட்டை எதிர்த்துப் போராடிய வலியில் பிறந்ததோ, அதே நாடு அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது.

பெயர் விஷயம் இன்னும் மோசம். ஜப்பானியத் தலைப்பு வாயில் நுழையாது என்று பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அதற்கு ‘சுகியாகி’ என்று பெயர் வைத்தார்கள். சுகியாகி என்பது மாட்டிறைச்சியும் காய்கறியும் போட்டுச் சட்டியில் கொதிக்க வைத்துச் சாப்பிடும் பண்டம். பாட்டுக்கும் அதற்கும் எள்ளளவும் சம்பந்தம் இல்லை. மேற்கத்தியர் வாய்க்குத் தெரிந்த ஜப்பானியச் சொல், அது போதும். நம் ஊர்ச் சோகப் பாட்டு ஒன்றை வெளிநாட்டுக்கு அனுப்பி, அங்கே அதற்கு ‘மெதுவடை’ என்று பெயர் வைத்து முதலிடம் கொடுத்தால் எப்படி இருக்கும்?

அடுத்து அவர் விட்ட ‘சைனா நைட்ஸ்’ 58ஆம் இடத்தோடு நின்றது. 40 இடக் கணக்குப்படி ஆள் முடிந்தார். ஜப்பானில் அவர் பாட்டு, சினிமா, தொலைக்காட்சி என்று கடைசிவரை நட்சத்திரம். கடைசி என்பது 1985 ஆகஸ்ட் 12. டோக்கியோவிலிருந்து ஒசாகா சென்ற ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 மலையில் மோதி 520 பேர் இறந்தார்கள். அதில் அவரும் ஒருவர். வயது 43. ஜப்பானிய மொழிப் பாட்டு வேறு எதுவும் இன்றுவரை அந்தப் பட்டியலில் முதலிடம் பார்க்கவில்லை.

ஜூன் 10

கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, "நீங்கள் சொல்வதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் அமெரிக்காவில் ஒரு பாட்டோடு நின்ற கதை. சொந்த ஊரிலும் ஒன்றே ஒன்றுதான் என்றால்?" என்கிறார். நியாயமான அடி. யோசித்துவிட்டு வருகிறேன்.

ஜூன் 10, மாலை

யோசிப்பதற்குள் ஒரு சிரிப்பு. 2002இல் ‘அசெரெஹே’ என்று ஒரு பாட்டு வந்து ஐரோப்பாவைப் பிடித்து ஆட்டியது. பாடியவர்கள் லாஸ் கெட்சப் என்ற ஸ்பானிய சகோதரிகள். ஏன் கெட்சப்? அப்பா ஃபிளமெங்கோ கிதார் கலைஞர், அவர் பட்டப்பெயர் ‘தக்காளி’.

அந்தப் பாட்டின் பல்லவிக்குப் பொருள் கிடையாது. ‘ராப்பர்ஸ் டிலைட்’ என்ற 1979 ஆங்கிலப் பாட்டை ஆங்கிலம் தெரியாத ஒருவன் காதில் விழுந்தபடி பாடினால் எப்படி இருக்குமோ அதுவே பல்லவி. இதைப் படித்தபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. என் கடை வாழ்க்கையே அந்தப் பல்லவியில் இருக்கிறது. ஏழு ஆண்டுகள் நான் ஆங்கிலம் என்று நினைத்துப் பாடியதெல்லாம் அசெரெஹேதான்.

ஜூன் 12

சரி, நியாயமான அடிக்கு நியாயமான பதில். என் வாதத்தில் ஓட்டை இருக்கிறது. ஓட்டையின் பெயர் ஸாகர் அண்ட் எவன்ஸ்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் லிங்கன் நகரத்து இரட்டையர். பாட்டு ‘இன் த இயர் 2525’. ரிக் எவன்ஸ் 1964இல் எழுதியது. சொந்தமாகப் பதிந்து, உள்ளூரில் விற்று, பிறகு பெரிய நிறுவனம் எடுத்துக்கொண்டது. 1969 ஜூலையில் ஹாட் 100 முதலிடம், ஆறு வாரம். நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தபோது அமெரிக்காவின் முதல் பாட்டு இதுதான். அங்கே மனிதன் மேலே ஏறிக்கொண்டிருக்கிறான், இங்கே வானொலியில் இருவர் மனிதகுலம் மாத்திரை தின்று, குழாயில் குழந்தை பெற்று, 9595இல் இருப்பானோ மாட்டானோ என்று ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிரிட்டனிலும் முதலிடம். அதன்பின் இரு நாட்டுப் பட்டியலிலும் அவர்கள் பெயரே வரவில்லை. 40 இடத்துக்குள் என்ன, 100 இடத்துக்குள்ளும் இல்லை. வேறு நாட்டில் நட்சத்திரம் என்று சொல்லித் தப்பவும் வழியில்லை.

நேற்று இரவு உட்கார்ந்து அவர்களுடைய மற்ற பாட்டுகளைக் கேட்டேன். ஒளிக்காமல் சொல்கிறேன்: மூன்றாவதில் கொட்டாவி வந்தது. கேள்வி கேட்டவருக்கு ஒரு மதிப்பெண். டென்னி ஸாகர் பிறகு லிங்கனிலேயே கிதார் செய்து விற்கும் தொழில் நடத்தினார் என்பது தனி.

ஜூன் 13

ஒரு மதிப்பெண் கொடுத்ததற்கு வெற்றி விழாவே நடத்திவிட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

‘வீடியோ கில்ட் த ரேடியோ ஸ்டார்’, பகிள்ஸ், 1979. 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்டிவி தொடங்கியபோது முதலில் போட்ட வீடியோ. மக்களுக்கு நினைவிருப்பது அந்த ஒன்றுதான். அதில் கண்ணாடி போட்டுக்கொண்டு பாடும் ட்ரெவர் ஹார்ன் அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? மைக்கை விட்டு நகர்ந்து பதிவு மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட்டின் ‘ரிலாக்ஸ்’ அவர் தயாரிப்பு. ‘யெஸ்’ குழுவின் ‘ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்’ அவர் தயாரிப்பு. சீல் பாடிய ‘கிஸ் ஃப்ரம் எ ரோஸ்’ அவர் தயாரிப்பு. சரக்கு இல்லாதவர்!

இன்னொருவர் கோட்யே. பெல்ஜியத்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். ‘சம்படி தட் ஐ யூஸ்ட் டு நோ’ 2012இல் அமெரிக்காவில் எட்டு வாரம் முதலிடம், அடுத்த ஆண்டு கிராமி விருது. அதன்பின் அந்தப் பெயரில் ஆல்பமே வரவில்லை. ஒண்டியோலின் என்று பழைய பிரெஞ்சு மின்னணு வாத்தியம் ஒன்று இருக்கிறது. அதையும் அதை வாசித்த ஜான்-ஜாக் பெர்ரே என்ற முதியவரின் இசையையும் காப்பாற்றுவதில் இறங்கிவிட்டார். இவரைக் காணாமல் போனவர் என்பதா, வேலை மாற்றிக்கொண்டவர் என்பதா?

நார்மன் கிரீன்பாம் என்பவரைக் கோவை நண்பர் நினைவூட்டினார், நன்றி. ‘ஸ்பிரிட் இன் த ஸ்கை’. யூதக் குடும்பத்தில் பிறந்து, இயேசுவைப் பற்றிப் பாடி, 1970இல் பிரிட்டனில் முதலிடம். அதே பாட்டை 1986இல் வேறு குழு பாடி அங்கே முதலிடம், 2003இல் இன்னொருவர் பாடி மறுபடி முதலிடம். பாட்டு மூன்று முறை பட்டம் கட்டிக்கொண்டது. எழுதியவர் கலிபோர்னியாவில் ஆடு வளர்த்துப் பால் விற்றார். இதைச் சோகம் என்று ஏன் நினைக்கிறோம் என்று தெரியவில்லை. எனக்கு ஆட்டுப் பண்ணை வைக்க ஆசை. என்னிடம் பாட்டும் இல்லை, பண்ணையும் இல்லை.

ஜூன் 17

‘லம்பாடா’ வராமல் இந்த இழை எப்படி இவ்வளவு தூரம் வந்தது? 1990இல் திருச்சியில் அது ஒலிக்காத கல்யாணம் இல்லை. சிங்கப்பூருக்கும் திருச்சிக்கும் வந்துபோகும் குருவி ஒருவர் கொண்டுவந்த கேசட்டிலிருந்து எடுத்தோம். அட்டையில் நான் "லம்பாடா – பிரேசில்" என்று எழுதுவேன்.

அந்த ஒரே வரியில் எத்தனை பிழை! கவோமா பிரான்சில் சேர்க்கப்பட்ட குழு, பாட்டு வந்தது 1989. முன்னால் நின்று பாடிய லோவால்வா பிராஸ் பிரேசில்காரர், அதுவரை சரி. மெட்டு பொலிவியாவுடையது. லோஸ் கார்காஸ் குழுவின் கோன்சாலோ, உலிசெஸ் ஹெர்மோசா சகோதரர்கள் 1981இல் வெளியிட்ட ‘யோராந்தோ சே ஃபுவே’. அழுதபடி போய்விட்டாள் என்று பொருள். ஆண்டீஸ் மலைப் புல்லாங்குழல் வைத்த மெதுவான சோகப் பாட்டு. ஒரு பிரெஞ்சுத் தயாரிப்பாளர் அதை ஒரு புனைபெயரில் தன்னுடையதாகப் பதிவு செய்துகொண்டார். சகோதரர்கள் வழக்குப் போட்டுத்தான் உரிமையை மீட்டார்கள். 2011இல் ஜெனிஃபர் லோபஸ் அதே மெட்டை எடுத்தபோது அவர்கள் பெயர் முறையாக வந்தது.

லோவால்வா பிராஸ் 2017 ஜனவரியில் ரியோ டி ஜனீரோ மாநிலத்தில் கொலை செய்யப்பட்டார். உடல் எரிந்த காரில் கிடைத்தது. செய்தியை நான் பார்த்தபோது பெயரைக் கேட்டு யார் என்று புரியவில்லை. ‘லம்பாடா பாடகி’ என்று தலைப்பில் போட்டிருந்ததால் புரிந்தது.

திருட்டுப் பயல்கள். மெட்டையும் திருடி, அழுகையையும் பிடுங்கிவிட்டுக் குட்டைப் பாவாடை மாட்டிவிட்டார்கள்.

ஜூன் 18

திருவாரூர் வாசகர் கேட்கிறார்: "ஐயா, உங்கள் கடை அந்தப் பொலிவியச் சகோதரர்களுக்கு எத்தனை ரூபாய் அனுப்பியது?"

ஜூன் 20

இரண்டு நாள் இந்தப் பக்கம் வரவில்லை. காரணம் மேலே இருக்கிறது.

அனுப்பியது பூஜ்யம். அந்தப் பாட்டை நான் என் கையால் சுமார் நானூறு முறை பதிந்திருப்பேன். பாட்டுக்கு ஒரு ரூபாய் கணக்கில் நானூறு ரூபாய். அன்று என் ஒரு மாதச் சம்பளத்தை விட அதிகம். "அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்" என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்தேன். பிரெஞ்சுக்காரர் பெயரை மாற்றி எழுதினார், நான் பெயரே எழுதவில்லை. ஜூன் 17 குறிப்பின் கடைசி வரியை நீக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஜூன் 21

தஞ்சை ஆசிரியை ஒருவர் குறுந்தொகையை எடுத்து வந்திருக்கிறார். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார். சொந்தப் பெயர் போய், பாட்டில் வந்த உவமையே பெயராகி நின்றவர்கள், ஆளுக்கு ஒரு பாட்டு. "இவர்களைத் தோற்றவர்கள் என்பீர்களா?" என்று கேள்வி கேட்டவரை மடக்குகிறார்.

கைதட்டினேன். தட்டிய பிறகு ஒரு சந்தேகம். அவர்கள் ஒரு பாட்டு மட்டும்தான் பாடினார்கள் என்று எப்படிச் சொல்வது? தொகுத்தவர் எடுத்தது ஒன்று. மிச்ச ஓலை எந்த அடுப்பில் போனதோ. தொகுத்தவரும் ஒருவகையில் பதிவுக் கடைக்காரர்தான், என்னைவிட நேர்மையானவர் என்றாலும். பெயர் தெரியாதபோது உவமையையாவது அட்டையில் எழுதினார். ‘லம்பாடா பாடகி’ என்பதற்கும் ‘செம்புலப்பெயனீரார்’ என்பதற்கும் முறை ஒன்றுதான், அழகில்தான் ஏழு கடல் தூரம்.

ஜூன் 21, இரவு

மாயாவை விட்டுவிட்டீர்களே என்று யாழ்ப்பாணத்திலிருந்து. மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் பிள்ளைப்பருவம். ‘பேப்பர் பிளேன்ஸ்’ 2008இல் அமெரிக்காவில் 4ஆம் இடம். தன் பெயரை முன்னிறுத்தி அவர் அங்கே 40க்குள் நுழைந்தது அந்த ஒருமுறைதான். அவரை ஒருபாட்டுக்காரி என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, திட்டிப் பாட்டுப் போட்டுவிடுவார்.

ஜூன் 25

‘மக்கரேனா’வை ஏன் இன்னும் தொடவில்லை என்று நாலு பேர். எனக்கு அலுத்துவிட்டது, சுருக்கமாக: லோஸ் டெல் ரியோ, செவில் நகருக்கு அருகே டோஸ் எர்மானாஸ் ஊர்க்காரர்கள் இருவர். 1962இல் சேர்ந்தவர்கள். 1992இல் வெனிசுவேலாவில் ஒரு ஃபிளமெங்கோ நடனக்காரி ஆடியதைப் பார்த்து வந்த வரி. மியாமிக்காரர்கள் ஆங்கிலம் சேர்த்து மாற்றியமைத்த வடிவம் 1996இல் அமெரிக்காவில் 14 வாரம் முதலிடம். முப்பத்து நான்கு ஆண்டு பாடிய இரண்டு கோட்டுப் போட்ட பெரியவர்களை உலகம் ‘புதுமுகம்’ என்று வரவேற்று, ‘ஒருபாட்டு’ என்று வழியனுப்பியது.

இன்னொன்று. அந்தப் பாட்டின் கதை, காதலன் ராணுவத்தில் சேரப் போன நேரத்தில் அவனுடைய இரண்டு நண்பர்களோடு சுற்றும் பெண்ணைப் பற்றியது. என் அக்கா மகள் ஐந்தாம் வகுப்பில் பள்ளி ஆண்டு விழாவில் இதற்கு ஆடினாள். தலைமை விருந்தினர் பாதிரியார். எல்லோரும் எழுந்து கை தட்டினோம்.

ஜூன் 28

மானம் போய்விட்டது.

நாமக்கல் வாசகர் ஒருவர் இழையை முதலிலிருந்து படித்துவிட்டு ஒரே வரி எழுதியிருக்கிறார்: "உங்கள் பொன்மலைக்காரர் கேட்டது சுகியாகி இல்லையா?"

சாப்பாட்டுப் பெயர். புரியாத மொழி. நடுவில் சீட்டி. மூன்றையும் ஜூன் 5இல் எழுதியவன் நான். ஜூன் 9இல் அந்தப் பாட்டைப் பற்றி வடை சுட்டு விளக்கம் கொடுத்தவனும் நானே. எழுதும்போது பாட்டைப் போட்டுக் கேட்கவில்லை, பழைய குறிப்புகளிலிருந்து எழுதினேன். அதுதான் குற்றம். இப்போது போட்டுக் கேட்டேன். இரண்டு நிமிடம் ஆகும்போது சீட்டி வருகிறது. வீட்டில் தனியாக இருந்தேன், சத்தமாகவே "ஐயோ" என்றேன். அந்த மனிதர் கடை வாசலில் நின்று பாடியது அசெரெஹே இல்லை, அட்சரம் பிசகாத ஜப்பானியம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நினைவில் வைத்திருந்திருக்கிறார். சாப்பாட்டுப் பெயர் என்று சொன்னபோது கடைக்குள் நாங்கள் மூவரும் சிரித்தோம், அவரும் கூடச் சிரித்தார்.

இன்னும் இரண்டு முறை வந்து கேட்டார். மூன்றாவது முறை நான் தேநீர் குடிக்கப் போயிருந்தேன். பத்து ரூபாய் எங்கள் கணக்கு நோட்டில் ‘சீட்டி’ என்ற பெயரில் நின்றது.

ஜூன் 29

ஒரு ஆட்சேபம் வந்திருக்கிறது. பிரிட்டனில் அந்தப் பாட்டுக்கு ‘சுகியாகி’ பெயரோடு முதலில் வந்தது கென்னி பால் ஜாஸ் குழுவின் பதிவு, 1963இன் தொடக்கத்தில் 10ஆம் இடம்வரை போனது, இலங்கை வானொலி அதைத்தானே போட்டிருக்கும் என்கிறார் ஒருவர்.

இல்லை. கென்னி பாலுடையது வெறும் வாத்தியப் பதிவு, ட்ரம்பெட். பொன்மலைக்காரர் வார்த்தையோடு பாடினார், நான்கு வரி. ஆகவே சகமோட்டோதான்.